மாசு காட்டும் மின்னோட்டம்

பொன்னின் மாற்றை அறியப் பொற்கொல்லர் அதனை உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். வேதியியலறிஞர் ஓர் உலோகத்தின் தூய்மையை அறிய அதனை அமிலத்தில் கரைத்து ஆராய்கிறார். ஆனால் காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள், 2000 கெல்வின் வெப்பநிலையில், வெண்சூடாக ஒளிரும் மெல்லிய டங்ஸ்டன் இழை ஒன்றை எவ்வாறு சோதிப்பது? அதன் பரப்பில் ஓர் அணுவின் கனத்துக்கும் குறைவாக வேற்றுப் பொருள் படிந்திருந்தால் அதனை எந்த உரைகல் காட்டும்?

அந்த உரைகல்லைச் சூடான உலோகமே தன்னிடத்தில் வைத்திருக்கிறது. வெப்பமேறிய உலோகம் எலெக்ட்ரான்களை வெளியே உமிழ்கிறது. அந்த எலெக்ட்ரான்களை ஒரு தகட்டில் சேர்த்து, ஓடும் மின்னோட்டத்தை அளந்தால், இழையின் பரப்பில் என்ன நிகழ்கிறது என்பது தெரிந்துவிடும். இம்முறை ஒருவரால் ஒரே நாளில் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. தொடக்கத்தில் மாசு என்பது இத்துறை அறிஞர்களுக்குப் பெருந்தலைவலியாக இருந்தது. எலெக்ட்ரான் உமிழ்வு என்ற நிகழ்ச்சியே மாசினால் விளையும் மாயை என்றுகூடச் சிலர் வாதிட்டனர். அந்தத் தொல்லையே பின்னர் அளவுகோலாக மாறியது. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

பழைய புதிர்

1873-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் கத்ரி, இரும்புக் குண்டு ஒன்றைச் சூடாக்கி அதற்கு மின்னூட்டம் தந்து பார்த்தார். செஞ்சூட்டில் இருந்த குண்டு எதிர் மின்னூட்டத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. நேர் மின்னூட்டத்தை மட்டும் இழந்தது. வெண்சூட்டை அடைந்ததும் இரண்டையுமே அதனால் வைத்துக்கொள்ள இயலவில்லை. சூடான உலோகத்துக்கும் மின்னூட்டத்துக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பது மட்டும் இதனால் விளங்கிற்று.

அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் கார்பன் இழை விளக்குகளைச் செய்துகொண்டிருந்தபோது, குமிழின் உட்புறம் நாளடைவில் கறுத்துப் போவதைக் கண்டார். காரணத்தைத் தேடிக் குமிழுக்குள் தனியாக ஓர் உலோகத் தகட்டைப் பொருத்தினார். அத்தகட்டை இழையின் நேர்முனையுடன் இணைத்தபோது, இடையில் வெற்றிடம் இருந்தும் மின்னோட்டம் ஓடியது. எதிர்முனையுடன் இணைத்தபோது ஓடவில்லை. 1883-இல் இதற்குக் காப்புரிமை கோரிய எடிசன், காரணத்தை ஆராய முற்படவில்லை. எலெக்ட்ரான் என்ற ஒன்றையே உலகம் அப்போது அறியாது. 1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். சூடான இழையிலிருந்து வெளிவருபவையும் அதே துகள்களே என்று 1899-இல் அவர் காட்டிய பிறகுதான் புதிரின் முதல் முடிச்சு அவிழ்ந்தது.

ரிச்சர்ட்சன் கண்ட விதி

தாம்சனின் மாணவரான ஓவன் ரிச்சர்ட்சன் 1901-ஆம் ஆண்டு நவம்பரில் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் ஒரு கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 22. உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் வாயுவின் மூலக்கூறுகளைப் போலத் தாறுமாறாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் போதிய வேகம் பெற்றவை பரப்பைத் தாண்டி வெளியேறுகின்றன என்பது அவர் கருத்து.

இதனை ஓர் ஏரியுடன் ஒப்பிடலாம். ஏரி நிறைய நீர் இருக்கிறது. கரை அதனைத் தடுத்து நிற்கிறது. காற்றடிக்கும்போது எழும் அலைகளில் மிக உயர்ந்தவை மட்டுமே கரையைத் தாண்டி வெளியே சிதறும். காற்று வலுத்தால் சிதறல் மிகும். உலோகத்தில் வெப்பமே காற்று. கரையின் உயரத்துக்கு ஒப்பான தடையை வெளியேற்று ஆற்றல் என்று அழைக்கிறோம். டங்ஸ்டனுக்கு இது ஏறக்குறைய 4.5 எலெக்ட்ரான் வோல்ட்.

இந்த ஒப்புமையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிக உயர்ந்த அலைகள் எண்ணிக்கையில் மிகமிகக் குறைவு. ஆகவே காற்று சிறிதே வலுத்தாலும், கரை சிறிதே தாழ்ந்தாலும், வெளியே சிதறும் நீர் பன்மடங்கு பெருகிவிடும். ரிச்சர்ட்சனின் சமன்பாடும் இதையே சொல்கிறது. தூய டங்ஸ்டன் 2000 கெல்வின் வெப்பநிலையில் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தருகிறது. 2500 கெல்வினில் அது ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர் ஆகிறது. வெப்பநிலை கால் பங்கு உயர, மின்னோட்டம் 300 மடங்கு உயர்கிறது. கரையின் உயரம் மாறினாலும் விளைவு இத்தகையதே. இந்தக் கூர்மையான உணர்திறன்தான் நம் கதையின் மையம். முதலில் தொல்லை தந்ததும் இதுவே, பின்னர் துணை நின்றதும் இதுவே.

மாசு என்னும் குற்றச்சாட்டு

ரிச்சர்ட்சனின் விதி அழகாக இருந்தது; சோதனை முடிவுகள் அவ்வளவு அழகாக இல்லை. ஒரே பிளாட்டினக் கம்பியை இருவர் சோதித்தால் இரு வேறு அளவுகள் கிடைத்தன. ஒருவரே இருமுறை சோதித்தாலும் விடை மாறிற்று. 1903-இல் எச். ஏ. வில்சன், பிளாட்டினக் கம்பியை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துத் தூய்மைப்படுத்திய பின் அளந்தார். மின்னோட்டம் வழக்கமான அளவில் 2,50,000-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கம்பி உட்கொண்டிருந்த ஹைட்ரஜன் வாயுவே இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் என்று அவர் கருதினார்.

மறுபுறம் ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் வேனல்ட், பிளாட்டினத்தின் மீது கால்சியம், பேரியம் போன்றவற்றின் ஆக்சைடுகளைப் பூசினால் உமிழ்வு பன்மடங்கு பெருகுவதை 1903, 1904 ஆண்டுகளில் வெளியிட்டார். தூய்மைப்படுத்தினால் குறைகிறது, அந்நியப் பொருளைப் பூசினால் கூடுகிறது. அப்படியானால் எலெக்ட்ரான்களைத் தருவது உலோகமா, அதன் மேலுள்ள மாசா?

இந்த ஐயம் விரைவில் வலுத்தது. ஐசோடோப்புகள் பற்றிய ஆய்வுக்காகப் பின்னர் நோபெல் பரிசு பெற்ற பிரெடெரிக் சாடி, 1907-இல் வேனல்ட் முறைக் குழாய் ஒன்றில் எஞ்சியிருந்த வாயுவைக் கால்சிய ஆவியைக் கொண்டு உறிஞ்சி நீக்கினார். வெற்றிடம் மேம்பட்டதும் மின்னோட்டம் ஏறக்குறைய நின்றே போயிற்று. 1912-இல் பிரிங், பார்க்கர் என்ற இருவர் கார்பனை மிகக் கவனமாகத் தூய்மை செய்து சோதித்தபோதும் மின்னோட்டம் மிகச் சிறிய அளவுக்கு இறங்கியது. சூடான பொருளுக்கும் எஞ்சிய வாயுவுக்கும் இடையே நிகழும் வேதிவினையில்தான் எலெக்ட்ரான்கள் பிறக்கின்றன என்று அவர்கள் வாதிட்டனர். வெற்றிடமும் உலோகமும் முழுத் தூய்மை பெற்றால் உமிழ்வே இராது என்பது இவ்வாதத்தின் முடிவு.

ரிச்சர்ட்சனுக்கு இது ஏதோ ஒரு சிறு திருத்தம் பற்றிய வழக்கன்று. உலோகத்துக்குள் தடையின்றி உலவும் எலெக்ட்ரான்கள் உண்டு என்ற அடிப்படைக் கருத்தே இதில் அடங்கியிருந்தது. உமிழ்வு மாசின் வேலை என்று முடிந்தால் அவருடைய பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு வீணாகும்.

டங்ஸ்டன் தந்த தீர்ப்பு

வழக்கைத் தீர்க்க ஓர் உலோகம் தேவைப்பட்டது. அது மிக உயர்ந்த வெப்பத்தைத் தாங்க வேண்டும். அவ்வெப்பத்தில் மாசுகளெல்லாம் ஆவியாகிப் போனபின்னும் தான் நிலைத்து நிற்க வேண்டும். டங்ஸ்டன் அத்தகையது. அது உருகும் வெப்பநிலை சுமார் 3,420 டிகிரி செல்சியஸ். உலோகங்கள் அனைத்திலும் இதுவே மிக அதிகம். ஆனால் டங்ஸ்டன் எளிதில் நொறுங்கும். கம்பியாக இழுக்க வராது. அமெரிக்காவில் ஸ்கெனக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லியம் கூலிட்ஜ் பல்லாண்டு முயன்று, 1910-ஐ ஒட்டி அதனை வளையும் கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டார். மின்விளக்குக்காகச் செய்யப்பட்ட அந்தக் கம்பி இயற்பியலின் பெரிய வழக்கொன்றுக்குச் சாட்சியாகவும் வந்து நின்றது.

அதே கூடத்தில் 1909 முதல் பணியாற்றியவர் இர்விங் லாங்மியூர். வேதியியல் பயின்ற அவர், விளக்கின் இழையை உயர்ந்த வெற்றிடத்தில் வைத்துப் பொறுமையாக ஆராய்ந்தார். 1913-இல் அவர் வெளியிட்ட கட்டுரை பல குழப்பங்களைத் தெளிவித்தது. வெற்றிடம் உயரும்போது மின்னோட்டம் குறைவதற்கு உமிழ்வு நின்றுவிட்டது என்பது பொருளன்று. இழையைச் சூழ்ந்து நிற்கும் எலெக்ட்ரான் கூட்டம், பின்னால் வரும் எலெக்ட்ரான்களைத் திரும்ப இழைக்கே தள்ளுகிறது. குழாயில் சிறிது வாயு இருந்தால் அதன் நேர் அயனிகள் இக்கூட்டத்தின் எதிர் மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடும். மின்னோட்டம் தடையின்றி ஓடும். வாயுவை நீக்கினால் தள்ளுதல் மீண்டும் தலைகாட்டும். தகட்டின் மின்னழுத்தத்தைப் போதிய அளவு உயர்த்தினால், எவ்வளவு உயர்ந்த வெற்றிடத்திலும் முழு மின்னோட்டமும் கிடைக்கிறது என்று லாங்மியூர் காட்டினார். அதுமட்டுமின்றி, ஆக்சிஜனோ நீராவியோ மிகச் சிறிதளவு இருந்தாலும் தூய டங்ஸ்டனின் உமிழ்வு குறையவே செய்கிறது என்பதும் தெரியவந்தது. வாயு உமிழ்வுக்குத் தாய் என்ற வாதம் இங்கே தலைகீழாயிற்று.

அதே 1913-இல் ரிச்சர்ட்சனும் டங்ஸ்டன் இழையைக் கொண்டு இறுதிச் சோதனையைச் செய்தார். வெளிவந்த எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை மிகப் பெரிதாக இருந்தது. எஞ்சிய வாயுவின் மூலக்கூறுகளாலோ இழை இழந்த டங்ஸ்டன் அணுக்களாலோ அதற்குக் கணக்குக் காட்ட வழியே இல்லை. அத்தனை எலெக்ட்ரான்களும் மின்சுற்றின் வழியாக இழைக்குள் மீண்டும் வந்துகொண்டிருக்க வேண்டும். உலோகத்தில் மின்னோட்டத்தைச் சுமப்பவை எலெக்ட்ரான்களே என்பதற்கும் இது சான்றாயிற்று. மாசின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு தள்ளுபடியாயிற்று. ரிச்சர்ட்சனுக்கு 1928-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

தோரியம் கலந்த இழை

உலோகம் தானே எலெக்ட்ரான்களை உமிழ்கிறது என்பது உறுதியானதும் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. தூய டங்ஸ்டன் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பது இப்போது திட்டமாகத் தெரியும். அந்த அளவிலிருந்து ஓர் இழை விலகினால், அந்த விலகலைக் கொண்டே அதன் மாசை அறியலாம் அல்லவா?

வாய்ப்பு விளக்கு இழையிலேயே காத்திருந்தது. டங்ஸ்டன் இழை நெடுநேரம் எரிந்தால் அதனுள் படிகங்கள் பெரிதாகி, ஒன்றையொன்று விட்டு நழுவி, இழை அறுந்துவிடும். இதைத் தடுக்க 1 முதல் 2 விழுக்காடு வரை தோரியம் ஆக்சைடைச் சேர்ப்பது வழக்கம். தோரியம் நமக்குப் புதிய பெயரன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலறிஞர் கண்டறிந்த மோனசைட்டு மணலில் அடங்கியிருப்பது அத்தனிமமே.

இந்த ஆக்சைடு கலந்த இழைகள் சில வேளைகளில் தூய டங்ஸ்டனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மின்னோட்டம் தருவதை லாங்மியூரும் அவருடன் பணியாற்றிய ரோஜர்ஸும் கண்டு 1914-இல் அறிவித்தனர். சில வேளைகளில் மட்டும் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. சூடாக்கும் முறையைப் பொறுத்து அதே இழை தூய டங்ஸ்டனாகவும் நடந்துகொண்டது, தோரியம் போலவும் நடந்துகொண்டது. தொடர்ந்து நடந்த ஆய்வுகளின் முழு விவரத்தை லாங்மியூர் 1923-இல் வெளியிட்டார்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. இழையை 2600 முதல் 2800 கெல்வின் வரை ஓரிரு நிமிடம் சூடாக்கினால் ஆக்சைடில் ஒரு பகுதி சிதைந்து, இழையின் உள்ளே தோரிய உலோகம் உண்டாகிறது. அவ்வெப்பத்தில் பரப்புக்கு வரும் தோரியம் உடனே ஆவியாகிவிடும். ஆதலால் இழை தூய டங்ஸ்டன் அளவே மின்னோட்டம் தரும். பிறகு 2000 அல்லது 2100 கெல்வினுக்குக் குறைத்துச் சில நிமிடம் வைத்தால், உள்ளிருந்து தோரிய அணுக்கள் மெல்ல வெளியே வந்து பரப்பில் தங்குகின்றன. அங்கே ஆவியாதல் மிகக் குறைவு, வரவு மிகுதி. இவ்வாறு ஓர் அணு கனமுள்ள போர்வை பரப்பை மூடுகிறது.

இடையிடையே இழையை 1500 கெல்வினுக்கு இறக்கி மின்னோட்டத்தை அளப்பார் லாங்மியூர். அவ்வெப்பநிலையில் தோரியம் உள்ளிருந்து வருவதுமில்லை, ஆவியாகிப் போவதுமில்லை. பரப்பு எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே உறைந்து நிற்கும். ஓடும் குதிரையை ஒளிப்படத்தில் நிறுத்திப் பார்ப்பது போல, மாறிக்கொண்டிருக்கும் பரப்பை அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். தோரியம் முழுமையாக மூடிய பரப்பில் வெளியேற்று ஆற்றல் 4.5-இலிருந்து ஏறக்குறைய 2.6 எலெக்ட்ரான் வோல்ட்டாகக் குறைகிறது. ஏரிக்கரை ஏறத்தாழப் பாதி தாழ்ந்துவிட்டது. 1500 கெல்வினில் மின்னோட்டம் தூய டங்ஸ்டனைப் போல் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு ஆகிறது.

கரை ஏன் தாழ்கிறது? பரப்பில் அமரும் தோரிய அணு தன் எலெக்ட்ரானைச் சிறிது டங்ஸ்டன் பக்கம் விட்டுக்கொடுக்கிறது. அதனால் பரப்பின் வெளிப்புறம் நேர் மின்தன்மையும் உட்புறம் எதிர் மின்தன்மையும் கொண்ட ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகிறது. அது உள்ளிருக்கும் எலெக்ட்ரான்களை வெளியே இழுக்கிறது. ஆக்சிஜன் அணுவின் செயல் இதற்கு எதிரானது. அது எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கரையை உயர்த்திவிடும். எனவே மின்னோட்டம் ஏறினால் ஒருவகை மாசு, இறங்கினால் மற்றொரு வகை மாசு என்று பொதுவாகக் கூறலாம்.

எவ்வளவு சிறிய மாசைக் காணலாம்?

இம்முறையின் நுட்பத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். 10 சென்டிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமும் உள்ள டங்ஸ்டன் இழையை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 15 மில்லிகிராம். பரப்பு சுமார் 0.3 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரை ஓர் அணு கனத்துக்கு மூடத் தேவையான தோரியம் ஒரு கிராமில் ஒரு கோடியில் மூன்று பங்கு. நம் இழைக்கு அதில் மூன்றிலொரு பங்கு போதும்.

பரப்பில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே தோரியத்தால் மூடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மூடிய பங்குக்கு ஏற்ப வெளியேற்று ஆற்றல் சீராகக் குறைவதாக வைத்துக்கொண்டால், 1500 கெல்வினில் மின்னோட்டம் 10 விழுக்காட்டுக்கு மேல் உயரும். இதனைச் சாதாரண மின்னோட்டமானியே காட்டிவிடும். அப்போது பரப்பிலுள்ள தோரியத்தின் எடை ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான். வேதியியல் கூடத்தின் நல்ல தராசு காட்டும் மிகச் சிறிய எடை ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், இம்முறை அதனைவிட ஒரு லட்சம் மடங்கு நுட்பமானது. அதுவும் பொருளைக் கரைக்காமல், உடைக்காமல், வெண்சூட்டிலேயே வைத்துச் செய்யும் சோதனை. தோரியம் உள்ளிருந்து எவ்வளவு விரைவாக வருகிறது, பரப்பிலிருந்து எவ்வளவு விரைவாக ஆவியாகிறது என்பவற்றையும் லாங்மியூர் இம்மின்னோட்டத்தைக் கொண்டே கணக்கிட்டார். பரப்பு வேதியியல் என்ற புதிய துறைக்கு அடித்தளமிட்டதற்காக 1932-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஆய்வின் பயன் வீட்டுக்குள்ளும் வந்தது. தூய டங்ஸ்டன் இழை கொண்ட பழைய ரேடியோ வால்வு ஒன்றுக்கு 5 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் தேவைப்பட்டது. 1920-களின் தொடக்கத்தில் தோரிய இழையுடன் வந்த அதன் மறுபதிப்புக்குக் கால் ஆம்பியரே போதுமானதாயிற்று. சோர்ந்துபோன இத்தகைய வால்வுக்குச் சிறிது நேரம் கூடுதல் மின்னழுத்தம் தந்தால் உள்ளிருக்கும் தோரியம் மீண்டும் பரப்புக்கு வந்து, வால்வு உயிர் பெறும். இதற்கென்றே தனிக் கருவிகள் அக்காலத்தில் விற்கப்பட்டன.

கண்ணால் கண்ட மாசு

மின்னோட்டமானி பரப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே எண்ணைத்தான் தரும். மாசு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. 1932-இல் பெர்லினில் புரூஹே, யோஹன்சன் என்ற இருவர், சூடான பரப்பிலிருந்து வரும் எலெக்ட்ரான்களையே குவித்து, ஒளிரும் திரையில் அப்பரப்பின் உருப்பெருக்கிய படத்தைப் பெற்றனர். எலெக்ட்ரான் மிகுதியாக வரும் இடம் பளிச்சென்றும், குறைவாக வரும் இடம் இருண்டும் தெரியும். 1936-இல் ஜான்சனும் ஷாக்லியும் இதனை மேலும் எளிதாக்கினர். உட்புறம் ஒளிர்பொருள் பூசிய கண்ணாடி உருளையின் நடுவே இழையைப் பொருத்தி, எலெக்ட்ரான்களை நேராகச் சுவரில் விழச் செய்தனர். இழையின் படிக அமைப்பே சுவரில் விரிந்து தெரிந்தது. இந்த ஷாக்லி பின்னாளில் டிரான்சிஸ்டருக்காக நோபெல் பரிசு பெற்றவர்.

பெல் ஆய்வுக்கூடத்தில் அஹெர்னும் பெக்கரும் 1938-இல் வெளியிட்ட படங்கள் ஒரு புதிய செய்தியைத் தந்தன. தோரியம் பரப்பெங்கும் ஒரே சீராகக் கசிந்து வருவதாக எண்ணியிருந்தனர். படத்திலோ, ஆங்காங்கே சில புள்ளிகளில் தோரியம் திடீரென்று பீறிட்டு வந்து, பின்னர் பக்கங்களில் பரவுவது தெரிந்தது. மின்னோட்டத்தின் கணக்கு மாசின் அளவைச் சரியாகச் சொன்னது. அது வந்த வழியைக் காட்டப் படம் தேவைப்பட்டது.

தொழிற்சாலையில் ஓர் உரைகல்

தோரிய இழையில் மாசு நாமே சேர்த்தது. வேண்டாத மாசைக் கண்டறியவும் இம்முறை பயன்பட்டது. பிற்கால ரேடியோ வால்வுகளில் நிக்கல் குழலின் மீது பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகளைப் பூசி, உள்ளிருந்து சூடாக்கினர். நிக்கலில் மிகச் சிறிதளவே இருக்கும் மக்னீசியம், சிலிக்கன் போன்றவை மேலே வந்து, ஆக்சைடிலிருந்து பேரிய உலோகத்தை விடுவித்து உமிழ்வை உயர்த்தும். கந்தகம் போன்றவை அதனைக் கெடுக்கும். ஆகவே ஒரு வார்ப்பு நிக்கல் வால்வுக்கு ஏற்றதா என்பதை வேதியியல் பகுப்பு மட்டும் முடிவு செய்ய இயலவில்லை. 1940-களின் இறுதியில் அமெரிக்கப் பொருள் சோதனைச் சங்கத்தின் முயற்சியால் இதற்கென ஒரு தரநிலை டயோடு உருவாயிற்று. ஒவ்வொரு வார்ப்பிலிருந்தும் சிறிது நிக்கலை எடுத்து, ஒரே அமைப்புள்ள டயோடுகளைச் செய்து, அவற்றின் உமிழ்வை ஒப்பிட்டு அந்நிக்கலைத் தேர்ந்தெடுத்தனர்.

இதில் எவ்வளவு அடங்கியிருந்தது என்பதற்கு இரு சான்றுகள் போதும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் உருவான வேர்ல்விண்டு கணிப்பொறியில் ஆயிரக்கணக்கான வால்வுகள் இருந்தன. அவை அடிக்கடி சோர்ந்து போயின. ஆராய்ந்தபோது நிக்கலில் இருந்த சிலிக்கன், பூச்சுக்கும் நிக்கலுக்கும் இடையே மின்தடை மிகுந்த ஒரு படலத்தை உண்டாக்குவது தெரிந்தது. சிலிக்கன் நீக்கிய நிக்கலுக்கு மாறியதும் வால்வுகளின் ஆயுள் பெரிதும் நீண்டது. 1956-இல் அட்லாண்டிக் கடலடியில் இடப்பட்ட முதல் தொலைபேசிக் கேபிளில் குரலை வலுப்படுத்த 306 வால்வுகள் இருந்தன. ஒன்று பழுதானாலும் கப்பலை அனுப்பிக் கடலின் அடியிலிருந்து கேபிளைத் தூக்க வேண்டும். அக்கேபிள் 1978 வரை 22 ஆண்டுகள் பணிபுரிந்தது.

எல்லையும் இன்றைய நிலையும்

வெப்ப எலெக்ட்ரான் உமிழ்வு ஒரு நல்ல காவலாளி. வீட்டுக்குள் அந்நியர் ஒருவர் நுழைந்துவிட்டார் என்று உடனே குரல் கொடுக்கும். வந்தவர் பெயரைச் சொல்லாது. தோரியமும் பேரியமும் சீசியமும் மின்னோட்டத்தை உயர்த்தவே செய்கின்றன. எது வந்தது என்பதை வேறு வழியில் அறிய வேண்டும்.

அந்தக் குறையும் எலெக்ட்ரானாலேயே நீங்கியது. பரப்பின் மீது எலெக்ட்ரான் கற்றையை மோதவிட்டால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடன் சில எலெக்ட்ரான்களை வெளிவிடுகிறது. பிரெஞ்சு அறிஞர் ஓஷேயின் பெயரால் அழைக்கப்படும் இவற்றைக் கொண்டு பரப்பிலுள்ள மாசுகளை இனங்காணும் நடைமுறையை 1968-இல் ஹாரிஸ் என்பவர் வெளியிட்டார். அவர் பணியாற்றியதும் லாங்மியூர் பணியாற்றிய அதே ஸ்கெனக்டடி ஆராய்ச்சிக்கூடந்தான். இன்று ஓர் உலோகத்தை வெற்றிடத்தில் சூடாக்கிக்கொண்டே, உள்ளிருந்து கந்தகமும் கார்பனும் பரப்புக்கு வருவதைப் பெயருடனும் அளவுடனும் காண முடிகிறது.

தோரியம் கலந்த டங்ஸ்டனும் மறைந்துவிடவில்லை. சமையலறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பின் மாக்னெட்ரான் குழாயில் எலெக்ட்ரான்களைத் தருவது பெரும்பாலும் அதுவே. ஆர்கன் வாயுவைக் கொண்டு வெல்டிங் செய்வோர் கையாளும், முனையில் சிவப்பு வண்ணமிட்ட டங்ஸ்டன் கம்பியிலும் 2 விழுக்காடு தோரியம் ஆக்சைடு உண்டு. தோரியம் கதிரியக்கமுடையதாதலால் லாந்தனம், சீரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் கலந்த கம்பிகள் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன.

வில்சனின் பிளாட்டினக் கம்பியில் மின்னோட்டம் 2,50,000-இல் ஒரு பங்காகக் குறைந்தபோது, அந்த எண் ரிச்சர்ட்சனின் விதிக்கு எதிரான சாட்சியாகவே பலருக்குத் தோன்றிற்று. அளவு இவ்வளவு மாறுமானால் அதை எப்படி நம்புவது என்றனர். இருபதாண்டுகள் கழித்து லாங்மியூர் ஒரு லட்சம் மடங்கு மாற்றத்தைக் கண்டபோது, இவ்வளவு மாறுவதாலேயே அதனைக் கொண்டு ஓர் அணுப் படலத்தின் நூற்றிலொரு பங்கையும் அளக்கலாம் என்று துணிந்தார். உலோகமும் மாசும் இயற்கை விதியும் மாறவில்லை. இடைப்பட்ட காலத்தில் நல்ல வெற்றிடமும், தூய டங்ஸ்டனும், எது மாறுகிறது எது மாறவில்லை என்று பிரித்தறியும் பொறுமையும் வந்து சேர்ந்திருந்தன. சோதனையில் விடை ஒவ்வொரு முறையும் மாறுகிறதே என்று சலித்துக்கொள்ளும் மாணவர், அந்த மாற்றம் எதனைக் காட்டுகிறது என்றும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.